பனெம் நாட்டின் அமைதிக் காவலர்: சூசன் காலின்ஸின் புதினங்களில் உரோமானியப் படைமரபு

முன்னுரை

அமெரிக்க எழுத்தாளர் சூசன் காலின்ஸ் படைத்த 'தி ஹங்கர் கேம்ஸ்' (2008), 'கேச்சிங் ஃபயர்' (2009), 'மாக்கிங்ஜே' (2010) ஆகிய மூன்று புதினங்களும் பனெம் என்னும் கற்பனை நாட்டைக் களமாகக் கொண்டவை. வட அமெரிக்கா அழிந்த பின்னர் அதே நிலத்தில் எழுந்த நாடு பனெம். மலைத்தொடரை அரணாகக் கொண்ட தலைநகர் ஒன்று. அதற்கு உழைத்துக் கொடுக்கும் பன்னிரண்டு மாவட்டங்கள். முன்னொரு காலத்தில் கிளர்ச்சி செய்து அழிந்துவிட்டதாகச் சொல்லப்படும் பதின்மூன்றாம் மாவட்டம். அக்கிளர்ச்சிக்குத் தண்டனையாக ஒவ்வொரு மாவட்டமும் ஆண்டுதோறும் பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுக்குட்பட்ட ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் தலைநகருக்குத் திறையாக அனுப்ப வேண்டும். அந்த இருபத்து நால்வரும் ஓர் அரங்கில் ஒருவரையொருவர் கொன்று, எஞ்சும் ஒருவர் வெற்றியாளராக வீடு திரும்புவர். பனெமின் முன்வரலாற்றைக் கூறும் 'தி பேலட் ஆஃப் சாங்பேர்ட்ஸ் அண்ட் ஸ்னேக்ஸ்' 2020-இலும், 'சன்ரைஸ் ஆன் தி ரீப்பிங்' 2025-இலும் வெளிவந்தன.

இப்புதினங்களின் உரோமானியச் சாயலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அரங்கத்தையே சுட்டுவர். வாட்போர் அடிமைகள், தேர் ஊர்வலம், பார்வையாளரின் ஆரவாரம், பாத்திரங்களின் இலத்தீன் பெயர்கள் ஆகியன எளிதில் கண்ணுக்குப் படுபவை. ஆயின் உரோமானிய மரபிலிருந்து காலின்ஸ் பெற்றவற்றுள் ஆழமானது அரங்கம் அன்று, படை. பனெமின் படைவீரர்களான அமைதிக் காவலர்களின் பணிவிதிகள் உரோமானியப் படைச் சட்டத்தை நெருங்கி ஒத்துள்ளன. அவ்விதிகளுள் எவை கொள்ளப்பட்டன, எவை விடப்பட்டன, அவ்விடுபாடு புதினத்தின் அறநோக்கிற்கு வலிமை சேர்க்கிறதா குறை சேர்க்கிறதா என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரில் மறைந்துள்ள படை

பனெம் என்ற பெயரின் தோற்றத்தை 'மாக்கிங்ஜே' புதினத்தில் புளூடார்க் ஹெவன்ஸ்பீ என்னும் பாத்திரம் விளக்குகிறது. அப்பமும் விளையாட்டும் எனப் பொருள்படும் இலத்தீன் தொடரின் முதற்சொல்லே நாட்டின் பெயராயிற்று. நிறைந்த வயிற்றுக்கும் கேளிக்கைக்கும் ஈடாக மக்கள் தம் அரசியல் பொறுப்பையும் அதன்வழித் தம் ஆற்றலையும் கைவிட்டனர் என்பது புளூடார்க் தரும் விளக்கம்.

இத்தொடர் உரோமானிய அங்கதப் புலவர் ஜுவெனலின் பத்தாம் அங்கதப் பாடலில் இடம்பெறுவது. மூலத்தில் அது அமைந்துள்ள இடத்தை நோக்கினால் இரண்டு செய்திகள் புலப்படும். முன்பு ஆட்சிப் பதவிகளையும் படையணிகளையும் வழங்கும் உரிமை பெற்றிருந்த மக்கள் இன்று இரண்டை மட்டுமே நாடுகின்றனர் என்பதே ஜுவெனலின் கூற்று. அதாவது மக்கள் இழந்தவற்றின் பட்டியலில் படையும் உண்டு. புளூடார்க்கின் விளக்கம் இதனை அரசியல் பொறுப்பு என்ற பொதுச்சொல்லுக்குள் அடக்கிவிடுகிறது. இரண்டாவதாக, அத்தொடர் வரும் பகுதி முழுவதும் செஜானஸ் என்னும் படைத்தலைவனின் வீழ்ச்சியைப் பற்றியது. செஜானஸ் பேரரசன் டைபீரியஸின் காலத்தில் மெய்க்காவற்படையின் தலைவனாக விளங்கி, அப்படையை உரோம் நகரில் ஒரே பாசறையில் குவித்துப் பெருஞ்செல்வாக்குப் பெற்று, கி.பி. 31-இல் கொல்லப்பட்டவன். அவனுடைய தந்தை ஸ்ட்ராபோவும் அதே பதவியை வகித்தவர்.

2020-இல் வெளிவந்த புதினத்தில் அமைதிக் காவற்படையில் சேர்ந்து தூக்கிலிடப்படும் இளைஞனின் பெயர் செஜானஸ் பிளிந்த். போர்க்கருவி உற்பத்தியால் செல்வரான அவன் தந்தையின் பெயர் ஸ்ட்ராபோ பிளிந்த். நாட்டின் பெயரும் இப்பாத்திரத்தின் பெயரும் ஒரே பாடற்பகுதியோடு தொடர்புடையன என்பது கருதத்தக்கது. பெயர் வைப்பு வெறும் அணிகலனாக இல்லாமல் படை, உணவு, ஆட்சி ஆகிய மூன்றின் உறவைச் சுட்டும் குறிப்பாக அமைந்துள்ளது எனலாம்.

இருபது ஆண்டு ஒப்பந்தம்

அமைதிக் காவலர்களின் பணிவிதிகள் 'மாக்கிங்ஜே' புதினத்தில் சுருக்கமாகச் சொல்லப்படுகின்றன. ஒவ்வொருவரும் இருபது ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்கின்றனர். அக்காலத்தில் திருமணம் கூடாது, குழந்தைகளும் கூடா. சிலர் பெருமை கருதிச் சேர்கின்றனர். சிலர் தண்டனைக்கு மாற்றாகச் சேர்கின்றனர். தலைநகரில் கடன்பட்டோர் படையில் சேர்ந்தால் அவர்தம் கடன் தள்ளுபடி செய்யப்படும். அவர்களுள் போருக்குத் தகுதியற்றோர் பலர் ஆதலின், எஞ்சிய தேவையை இரண்டாம் மாவட்டம் நிறைவு செய்கிறது. கற்சுரங்க வாழ்விலிருந்து தப்ப அம்மாவட்ட இளைஞருக்கு உள்ள வழி படையே.

இவ்விரு விதிகளும் உரோமானியப் படையிலிருந்து பெறப்பட்டவை எனக் கொள்ளலாம். அகஸ்டஸ் படையணி வீரரின் பணிக்காலத்தைக் கி.மு. 13-இல் பதினாறு ஆண்டு என வரையறுத்து, கி.பி. 5-இல் இருபது ஆண்டாக உயர்த்தினான். பணியிலுள்ள வீரர் சட்டப்படி மணம் செய்துகொள்ள இயலாது என்னும் தடை செப்டிமியஸ் செவெரஸின் ஆட்சிக்காலம் (கி.பி. 193-211) வரை நீடித்தது. நடைமுறையில் வீரர்கள் பாசறைகளை அடுத்த குடியிருப்புகளில் துணைவியரோடும் மக்களோடும் வாழ்ந்தனர். சட்டம் அவ்வுறவை ஏற்கவில்லை என்பதே உண்மை.

உரோமில் இத்தடைகளுக்கு மறுபக்கம் ஒன்று இருந்தது. பணி நிறைவுற்ற வீரனுக்கு நிலமோ பணமோ வழங்கப்பட்டது. இதற்கென அகஸ்டஸ் கி.பி. 6-இல் தனிக்கருவூலம் ஒன்றை நிறுவி, மரபுரிமைச் சொத்தின் மீது ஐந்து விழுக்காடு வரி விதித்தான். படையணி வீரன் ஓய்வின்போது பெற்ற தொகை 12,000 செஸ்டர்ஸ். உரோமக் குடியுரிமை இல்லாத துணைப்படையினர் இருபத்தைந்து ஆண்டுப் பணிக்குப் பின் குடியுரிமை பெற்றனர். அதற்குரிய வெண்கலப் பட்டயங்கள் இன்றும் அகழ்வுகளில் கிடைக்கின்றன. இந்த வாக்குறுதி தவறியபோது படை கலகம் செய்தது. கி.பி. 14-இல் அகஸ்டஸ் இறந்தவுடன் டான்யூப், ரைன் ஆற்றங்கரைப் படையணிகள் கிளர்ந்தெழுந்ததை டாசிட்டஸ் விரிவாக எழுதியுள்ளார். முப்பது, நாற்பது ஆண்டுகள் பணியில் நிறுத்தப்பட்டதும், நிலம் என்ற பெயரில் சதுப்பும் மலைச்சரிவும் தரப்பட்டதும் அவ்வீரர்களின் குறைகளுள் முதன்மையானவை.

பனெமில் பணிக்காலமும் மணத்தடையும் உள்ளன. ஓய்வுக்குப் பின் வீரன் பெறுவது என்ன என்பது சொல்லப்படவில்லை. இருபது ஆண்டுப் பணிமுடித்து வீடு திரும்பிய அமைதிக் காவலர் எவரும் முப்புதினத்தின் கதையோட்டத்தில் பங்கேற்கவில்லை. நுழைவாயில் உள்ள இப்படைக்கு வெளிவாயில் காட்டப்படவில்லை. உரோமானிய ஒப்பந்தத்தின் கடமைப்பகுதி கொள்ளப்பட்டு உரிமைப்பகுதி விடப்பட்டுள்ளது.

டெசெராவும் படைச்சேர்க்கையும்

இவ்விடுபாட்டின் பொருளை அறிய, புதினத்தின் மற்றொரு உரோமானியச் சொல் துணைசெய்கிறது. அது டெசெரா. உரோம் நகரில் தானியப் பங்கீட்டோடு தொடர்புடைய அடையாள வில்லையை இச்சொல் குறித்தது. குடிமகனின் உரிமைக்கு அது சான்று. பனெமில் டெசெரா என்பது ஓராண்டுக்கு ஒருவர்க்குரிய அற்பத் தானியமும் எண்ணெயும். அதனைப் பெறும் சிறுவனின் பெயர் திறைக் குலுக்கலில் கூடுதலாக ஒருமுறை சேர்க்கப்படும்; அவ்வெண்ணிக்கை ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டே போகும். முதற்புதினத்தின் தொடக்கத்தில் பதினாறு வயதுக் காட்னிஸின் பெயர் இருபது முறையும், பதினெட்டு வயதுக் கேலின் பெயர் நாற்பத்திரண்டு முறையும் குலுக்கலில் உள்ளன. குடிமகனின் உரிமைச்சீட்டாக இருந்த ஒன்று குழந்தையின் உயிரைப் பணயம் வைக்கும் சீட்டாக மாற்றப்பட்டுள்ளது.

படைச்சேர்க்கையும் இதே அமைப்பினது. பசிக்கு ஈடாகச் சிறுவன் தன் பெயரைத் தருகிறான். வறுமைக்கும் கடனுக்கும் ஈடாக இளைஞன் தன் இருபது ஆண்டுகளைத் தருகிறான். முன்னது வாழ்வு முடிந்துபோகும் வாய்ப்பை விற்பது. பின்னது வாழ்வின் நடுப்பகுதியை விற்பது. இரண்டிலும் வாங்குவது தலைநகர், விலை உணவு. ஆகவே அமைதிக் காவலனைத் திறைச் சிறுவனின் எதிர்நிலையாகக் காண்பதைவிட, அவனுடைய மூத்த வடிவமாகக் காண்பதே புதினத்தின் உள்ளமைப்புக்குப் பொருந்துவது. அரங்கில் மாவட்டத்துப் பிள்ளை மாவட்டத்துப் பிள்ளையைக் கொல்கிறான். அரங்கிற்கு வெளியே மாவட்டத்து வீரன் மாவட்டத்து மக்களைச் சுடுகிறான். 'கேச்சிங் ஃபயர்' புதினத்தில் பதினோராம் மாவட்டத்தில் நான்கு சுரம் சீழ்க்கையடித்த முதியவர் சுடப்படும் காட்சியை இந்நோக்கில் படித்தால், சுட்ட கை எங்கிருந்து வந்தது என்ற வினா தவிர்க்க முடியாததாகிறது.

புறத்திணை மரபில் பயின்ற வாசகருக்கு இப்படையின் வெறுமை எளிதில் விளங்கும். சங்கப் புறப்பாடல்களில் வீரன் தனியன் அல்லன். அவனுக்குத் தாய் உண்டு, மனைவி உண்டு, நடுகல்லாய் நின்ற முன்னோர் உண்டு. போரை ஏற்பதும் இழப்பைப் புலம்புவதும் அவ்வீட்டின் குரல்களே. அமைதிக் காவலனுக்கு அத்தகைய வீடு சட்டத்தால் மறுக்கப்பட்டுள்ளது. அவன் வீழ்ந்தால் பாடும் குரல் புதினத்தில் இல்லை.

இரண்டாம் மாவட்டமும் உரோமின் நட்பினங்களும்

பழைய கிளர்ச்சியில் பதின்மூன்றாம் மாவட்டத்தை இழந்த தலைநகருக்குப் புதிய படைத்தளம் ஒன்று தேவைப்பட்டது. கற்சுரங்க மாவட்டமாகிய இரண்டாம் மாவட்டம் அத்தேவையை நிறைவு செய்தது. அகழ்ந்து முடித்த மலை ஒன்று படைத்தலைமையகமாக மாற்றப்பட்டது. வெளியுலகுக்குக் கல்வெட்டும் மாவட்டமாகவே அது அறியப்பட்டிருக்க, உள்ளே படைவீரரையும் படைக்கருவிகளையும் உருவாக்கியது. அதன் மக்களுக்குப் பிற மாவட்டங்களைவிடச் சற்று மேலான வாழ்வு கிடைத்தது. ஆயினும் அம்மாவட்டமும் ஆண்டுதோறும் இரண்டு பிள்ளைகளைத் திறையாக அனுப்பியே வந்தது. தலைநகரைக் காக்கும் மக்கள் தலைநகரின் குடிமக்கள் ஆகவில்லை.

உரோம வரலாற்றில் இந்நிலைக்கு ஒப்பானவர்கள் இத்தாலிய நட்பினத்தார். உரோமின் போர்களில் பெருந்தொகையான வீரரை அளித்தும் குடியுரிமை பெறாத அவர்கள் கி.மு. 91-இல் போர் தொடுத்தனர். களத்தில் அவர்களை எதிர்த்துக்கொண்டே உரோம் கி.மு. 90-இல் குடியுரிமைச் சட்டம் இயற்றி அவர்களின் ஒற்றுமையைக் கலைத்தது. பின்னர்க் கி.பி. 69-70-இல் ரைன் கழிமுகத்துப் படாவியர், உரோமத் துணைப்படையில் பணியாற்றிய சிவிலிஸின் தலைமையில், உரோமிடம் கற்ற போர்முறையையே உரோமுக்கு எதிராகப் பயன்படுத்தினர். காவல் காக்கும் இனம் கணக்குக் கேட்கும் நாள் ஒன்று வரும் என்பதை உரோம் அறிந்திருந்தது. உரிமையைச் சிறிது சிறிதாக வழங்கியே பேரரசைக் காத்தது.

பனெம் அவ்வாறு வழங்கியது ஒரு குடும்பத்திற்கு எனலாம். கிளர்ச்சிக் காலத்தில் தலைநகருக்குத் துணைநின்ற ஸ்ட்ராபோ பிளிந்த், தம் செல்வத்தின் வலிமையால் இரண்டாம் மாவட்டத்திலிருந்து குடும்பத்தோடு தலைநகருக்குக் குடியேறுகிறார். மாவட்டத்துச் செல்வர்க்குத் தனித்தனியே குடியுரிமை தந்து அவரைத் தன்பால் ஈர்க்கும் உரோமின் உத்தியை இது நினைவூட்டுகிறது. ஆனால் மகன் செஜானஸ் அக்குடியுரிமையை ஏற்க மறுக்கிறான். தன்னுடன் பயின்ற இரண்டாம் மாவட்டத்து மார்க்கஸ் அரங்கில் இறந்தபோது, உள்ளே புகுந்து அவன் உடலின்மீது தம் மாவட்ட வழக்கப்படி அப்பத் துணுக்குகளைத் தூவுகிறான். அப்பமும் விளையாட்டும் என்ற தொடரின் இரு சொற்களும் அவ்வொரு காட்சியில் எதிரெதிர் நிற்கின்றன.

பன்னிரண்டாம் மாவட்டத்துக் காவலர்

முப்புதினத்தில் அமைதிக் காவலர்கள் முகமும் பெயரும் பெறுவது பன்னிரண்டாம் மாவட்டத்தில் மட்டுமே. தலைமைக் காவலர் கிரே வேட்டைத்தடையை மீறுவோரிடமிருந்தே இறைச்சி வாங்குபவர். பசித்த இளம்பெண்களைப் பணம் காட்டி வயப்படுத்துபவர். காவலர்கள் கள்ளச்சந்தையில் மக்களோடு அமர்ந்து சூப் குடிக்கின்றனர். டேரியஸ் என்னும் இளங்காவலர் காட்னிஸிடம் வேடிக்கை பேசுகிறார். இங்குப் படை ஒழுக்கங்கெட்டதாகவும் அதனாலேயே ஓரளவு மனிதத்தன்மை உடையதாகவும் காட்டப்படுவது காலின்ஸின் நுட்பமான பார்வைக்குச் சான்று. கிரேயின் இழிசெயல் இப்படத்தை இனிமைப்படுத்தாமல் காக்கிறது.

'கேச்சிங் ஃபயர்' புதினத்தில் கிரே மறைந்து ரோமுலஸ் த்ரெட் பொறுப்பேற்கிறார். உரோமை நிறுவியவனின் பெயர் தாங்கிய இவர் கள்ளச்சந்தையை எரித்து, சவுக்கடிக் கம்பத்தையும் தூக்குமேடையையும் நிறுவுகிறார். காட்டு வான்கோழி வேட்டையாடிய கேல் பொதுவிடத்தில் சவுக்கால் அடிக்கப்படும்போது டேரியஸ் தடுக்க முனைந்து வீழ்த்தப்படுகிறார். பர்னியா என்னும் மற்றொரு காவலர், முதற்குற்றத்திற்கு இத்தனை அடிகள் போதும் எனப் பணிவிதியைக் காட்டி அடியை நிறுத்த உதவுகிறார். படைக்குள் இருந்து எழும் எதிர்ப்புக்கு இரண்டு வழிகளே உள்ளன என்பதை இக்காட்சி உணர்த்துகிறது: கையால் தடுப்பது, விதியால் தடுப்பது. விதியால் தடுத்தவர் அப்போதைக்குத் தப்புகிறார். கையால் தடுத்த டேரியஸ் நாவறுக்கப்பட்டுத் தலைநகரில் ஏவலராகிறார்; பின்னர்ச் சித்திரவதையில் இறக்கிறார். முப்புதினத்தில் நமக்கு நெருக்கமாக அறிமுகமான ஒரே படைவீரனின் நாவு அறுக்கப்படுவது, அப்படை முழுவதன் நிலைக்கும் குறியீடாக நிற்கிறது.

மலைக்கோட்டையின் வீழ்ச்சி

படைவீரனை எப்பக்கத்தில் வைப்பது என்ற வினா 'மாக்கிங்ஜே' புதினத்தின் நடுப்பகுதியில் நேராக எழுப்பப்படுகிறது. இரண்டாம் மாவட்டத்து மலைக்கோட்டையை வெல்ல இயலாத கிளர்ச்சியாளர், மலைச்சரிவை உண்டாக்கி உள்ளிருப்போரைப் புதைக்கலாம் என்ற கேலின் திட்டத்தை ஆராய்கின்றனர். உள்ளே இருப்போர் அனைவரும் விரும்பிச் சென்றவர் அல்லர் என்றும், சரணடைய வாய்ப்பளிக்க வேண்டும் என்றும் மறுப்பு எழுகிறது. பன்னிரண்டாம் மாவட்டம் தீக்குண்டுகளால் அழிக்கப்பட்டபோது அத்தகைய வாய்ப்புத் தங்களுக்குத் தரப்படவில்லை என்பது கேலின் வாதம். காட்னிஸின் தந்தையும் கேலின் தந்தையும் ஒரே சுரங்க வெடிப்பில் இறந்தவர்கள். ஒரே இழப்பிலிருந்து இருவரும் எதிரெதிர் முடிவுகளுக்கு வருகின்றனர். கேலுக்கு மலை ஓர் அரண். காட்னிஸுக்கு அது சுரங்கம்.

மலை சரிந்த பின் தொடர்வண்டிச் சுரங்கவழியே காயமுற்றோர் வெளியேறுகின்றனர். அவர்களுள் ஒருவன் காட்னிஸை நோக்கித் துப்பாக்கியை நீட்டி, சுடாதிருக்க ஒரு காரணம் கேட்கிறான். காரணம் சொல்ல முடியாது என்பதே அவள் விடை. தாங்கள் இருவரும் தலைநகர் வகுத்த பகைமையைத் தொடர்கின்றனர், ஒருவரையொருவர் கொல்வதால் பயன்பெறுவது தலைநகரே என்ற கருத்தில் அவள் பேசுகிறாள். தன் வில்லைக் கீழே வைக்கிறாள். திறைச் சிறுவரும் படைவீரரும் ஒரே இனத்தவர் என்ற உண்மை முப்புதினத்தில் வெளிப்படையாக ஒலிக்கும் இடம் இது. ஆயினும் அவள் பேச்சு முடிவதற்குள் கூட்டத்திலிருந்து வந்த குண்டு அவளை வீழ்த்துகிறது. நல்லுரையால் போர் நின்றுவிட்டது எனக் காட்டாமை காலின்ஸின் நேர்மை.

இக்காட்சி முப்புதினத்தின் உச்சங்களுள் ஒன்று; அதே வேளையில் அதன் எல்லையையும் காட்டுகிறது. கதை முழுவதும் காட்னிஸின் தன்மைக்கூற்றில் அமைந்திருப்பதால், துப்பாக்கியை நீட்டியவன் ஒருகண வினாவாக மட்டுமே நிற்கிறான். அவன் பெயர் என்ன, மலைக்குள் என்ன பணி செய்தான், சரிவில் யாரை இழந்தான் என்பன நமக்குத் தெரியவில்லை. அரங்கில் இறந்த சிறுமி ரூவுக்கு மலர்களும் பாடலும் கிடைத்தன. மலைக்குள் இறந்தோருக்குக் கிடைத்தது ஒரு வாதம்.

பதின்மூன்றாம் மாவட்டத்துப் படை

கிளர்ச்சியின் தலைமையாகிய பதின்மூன்றாம் மாவட்டம் தலைநகருக்கு நேரெதிரான படையமைப்பை உடையது. அங்குப் பதினான்கு வயதைக் கடந்த ஒவ்வொருவரும் வீரர் என்றே விளிக்கப்படுகின்றனர். நாளின் ஒவ்வொரு மணிக்கும் உரிய கடமை கையில் அச்சிடப்படுகிறது. கொள்ளைநோயால் மக்கட்பெருக்கம் குன்றிய அம்மாவட்டம், வந்துசேரும் ஏதிலியரைக் குழந்தை பெறத்தக்கவராகவும் நோக்குகிறது. தலைநகர் வீரனுக்குத் திருமணத்தைத் தடுக்கிறது. பதின்மூன்றாம் மாவட்டம் திருமணத்தை விரும்புகிறது, ஃபின்னிக்கின் திருமணத்தைப் பரப்புரைப் படமாகவும் ஆக்குகிறது. இரண்டு அரசுகளும் வீட்டைப் படைக்குக் கீழ்ப்படுத்துகின்றன என்பதில் வேறுபாடில்லை. இறுதியில் தலைநகர்க் குழந்தைகளின் மீதும், அவர்களுக்கு உதவ ஓடிவந்த மருத்துவப் பணியாளர் மீதும் அடுத்தடுத்து வெடிக்கும் குண்டுகள், எந்தப் படை எதைச் செய்தது எனப் பிரித்தறிய முடியாத நிலைக்குக் கதையைக் கொண்டுசெல்கின்றன.

ஸ்னோவின் படைப்பணி

முப்புதினத்தில் விடுபட்ட படைவீரனின் உள்நோக்கு 2020-ஆம் ஆண்டுப் புதினத்தில் கிடைக்கிறது. ஆனால் அது கிடைப்பது, பின்னாளில் பனெமின் கொடுங்கோலனாகும் கொரியோலேனஸ் ஸ்னோவின் வழியாக. வறிய மக்களுக்குத் தானியம் வழங்குவதை எதிர்த்த உரோமப் படைத்தலைவனாக மரபு போற்றும் கொரியோலேனஸின் பெயரே அவனுக்கு இடப்பட்டுள்ளது. பத்தாம் விளையாட்டில் முறைகேடு செய்தமைக்காக ஸ்னோ இருபது ஆண்டுப் படைப்பணிக்கு அனுப்பப்படுகிறான். பன்னிரண்டாம் மாவட்டத்துப் பாசறையில் அவனுடன் இருப்போர் மாவட்டங்களைச் சேர்ந்த ஏழை இளைஞர்கள். பாசறை உணவு, வெப்பம், தூக்குமரத்தைச் சூழ்ந்து நிற்கும் காவற்பணி ஆகியன இங்கு விரிவாக இடம்பெறுகின்றன. சம்பளத்தின் ஒரு பகுதி வீட்டுக்குப் போக வேண்டிய தேவையும் புலப்படுகிறது. வெள்ளைச் சீருடைக்குள் உடல் ஒன்று உள்ளது என்பதை வாசகர் முதன்முதலாக உணர்வது இங்கேதான்.

அதே பாசறைக்குச் செஜானஸும் வருகிறான். கிளர்ச்சியாளருக்கு உதவும் அவன் பேச்சை, குரலைப் பதிவுசெய்யும் பறவையின் வழியே ஸ்னோ தலைநகருக்கு அனுப்பிவிடுகிறான். செஜானஸ் தூக்கிலிடப்படுகிறான். இருபது ஆண்டுப் பணிக்கு வந்த ஸ்னோ ஒரே கோடைக்காலத்தில் விடுவிக்கப்பட்டுத் தலைநகர் திரும்பி, பிளிந்த் குடும்பச் செல்வத்திற்கே மரபுரிமையாளன் ஆகிறான். காலின்ஸின் படைப்புலகில் வெளிவாயிலைக் கடந்துசெல்வதாக நாம் காணும் வீரன் இவன் ஒருவனே. அவன் அதற்குத் தந்த விலை நண்பனின் உயிர். படையிலுள்ள மாவட்டத்து இளைஞருக்கு ஒப்பந்தம் இருபது ஆண்டு. தலைநகர்க் குடிப்பிறப்புக்கு அது ஒரு கோடை. முப்புதினம் சொல்லாமல் விட்ட ஓய்வு விதியைப் பிற்புதினம் இவ்வாறு எழுதிவிடுகிறது எனக் கொள்வது மிகையாகாது.

முடிவுரை

உரோமானியப் படை ஒன்றை மட்டும் பனெமின் படையில் காண முடியவில்லை. அது ஆட்சியாளரை உருவாக்கும் படை. கி.பி. 41-இல் மெய்க்காவற்படை கிளாடியஸைப் பேரரசனாக்கியது, கி.பி. 193-இல் அதே படை ஆட்சியை ஏலம் விட்டது. அமைதிக் காவலருக்கு அத்தகைய தன்விருப்பம் ஏதும் தரப்படவில்லை. ஊதியமும் ஓய்வூதியமும் உரிமையும் பற்றிய பேரம் இல்லாத ஒரு படை முக்கால் நூற்றாண்டு கலையாமல் நின்றது என்பது வரலாற்று நோக்கில் நம்பத்தகாதது. கற்பனை அரசின் கட்டுமானத்தில் இது ஒரு குறையே. எனினும் கலை நோக்கில், வீரனின் கோரிக்கையை அகற்றியதால் அவன் திறைச் சிறுவனுக்கு இணையானவனாகத் தெரிகிறான். இருவரும் அப்பத்திற்கு விற்கப்பட்டவர்கள் என்ற உண்மை மறைப்பின்றி வெளிப்படுகிறது.

அவ்வுண்மையைக் கண்ட முப்புதினம் வீரனுக்குக் குரல் தரவில்லை. குரல் தந்த பிற்புதினம் அதனை வீரர்களைக் காட்டிக்கொடுத்தவனிடம் ஒப்படைத்தது. போர் முடிந்த பின் கிளர்ச்சிப் படையின் தளபதியாக இருந்த பேலர் தேர்தல் வழியே நாட்டின் தலைவராகிறார். மலையைப் புதைக்கத் திட்டமிட்ட கேல், அதே இரண்டாம் மாவட்டத்தில் உயர்பதவி ஒன்றில் அமர்கிறான். இச்செய்தி காட்னிஸுக்குப் பிறர் வாய்ச்சொல்லாக, ஓரிரு வரிகளில் வந்து சேர்கிறது. அம்மலைக்குள் தந்தையை, மகனை, உடன்பிறந்தாரை இழந்த மக்கள் அவனை எவ்வாறு ஏற்றனர் என்பது எழுதப்படவில்லை. பனெமின் படை பற்றிய கதையில் இன்னும் எஞ்சியிருப்பது அம்மக்களின் சொல்லே.